இரும்பு இருக்கு, ஃபைல் எங்கே?

போன எபிசோடின் கடைசியில் ஒரு கேள்விக்கு அவசரமா பதில் சொன்னேன். அது பாதி தப்பு. அதைத் திருத்தத்தான் இந்த வாரக் கடிதம்.

கேள்வி இதுதான்: "ஃபோர்டு சென்னையில கார் செய்யறதை நிறுத்திட்டு போனாங்க. இப்போ என்ஜின் செய்ய திரும்பி வர்றாங்க. ஆனா உலகம் இ.வி.க்கு போயிட்டிருக்கே. அந்த என்ஜின் மெஷின்களை பிறகு மோட்டார் செய்ய மாத்திக்க முடியாதா அண்ணா?" நான் சொன்னது: "முடியாது தம்பி, என்ஜின் லைன் வேற, மோட்டார் லைன் வேற." அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். வீட்டுக்கு வந்து எடிட் பண்ணும்போதுதான் உறுத்தியது. முடியும். எவ்வளவு முடியும் என்பது லைனை வாங்குகிற அன்றைக்கே பெரும்பாலும் தீர்மானமாகி விடுகிறது. அதுதான் விஷயம்.

முதலில் கதையைத் தெரியாதவர்களுக்காக. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அவர்களே சொன்னார்கள். மறைமலை நகரில் கடைசி கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அதற்கு முன் வேலை போகிறவர்களுக்கான இழப்பீட்டுக்காக தொழிலாளர்கள் வாரக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. குஜராத்தில் சானந்தில் இருந்த இன்னொரு ஆலையை டாடாவின் மின்வாகன நிறுவனம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2023 ஜனவரியில் கை மாறியது, ஒரு வருஷத்தில் டாடா கார் அங்கிருந்து ஓடி வந்தது. மறைமலை நகர் மட்டும் அப்படியே கிடந்தது. 2025 அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசோடு ஃபோர்டு ஒப்பந்தம் போட்டது: 3,250 கோடி ரூபாய், வருஷத்துக்கு 2,35,000 என்ஜின், 2029ல் தொடக்கம்.

சானந்து விஷயத்தில் ஒரு சின்ன விவரத்தை நிறைய பேர் கவனிக்கவில்லை. டாடா எடுத்துக்கொண்டது பாடி ஷாப், பெயின்ட் ஷாப், அசெம்ப்ளி. என்ஜின் ஆலையை ஃபோர்டு தன்னிடமே வைத்துக்கொண்டது, நிலத்தையும் கட்டடத்தையும் டாடாவிடமிருந்து குத்தகைக்கு எடுத்து. வெளிநாட்டுக்கு அனுப்பும் என்ஜினுக்கு ஆர்டர் இருந்ததுதான் காரணம். இருந்தாலும் யோசித்துப் பாருங்க. வெல்டிங் ரோபோவுக்கு எந்த கம்பெனி கார் என்று கவலை இல்லை. புது புரோகிராம், புது கிரிப்பர் கொடுத்தால் அடுத்த காரின் கதவை ஒட்டும். என்ஜின் மெஷின் அப்படியா?

இங்கே கொஞ்சம் மெதுவாகப் போகிறேன், ஏன்னா நான் சறுக்கியது இங்கேதான்.

என்ஜின் பிளாக்கை வெட்டுகிற பழைய முறைக்கு டிரான்ஸ்ஃபர் லைன் என்று பெயர். வரிசையாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரே தலையில் பல டிரில்கள், ஒரே அமுக்கில் அத்தனை துளையும் விழும். அசுர வேகம். ஆனால் துளையின் இடம் ஒரு சென்டிமீட்டர் மாறினால் அந்தத் தலை குப்பை. ஒரே பாகத்தை லட்சக்கணக்கில் செய்ய மட்டும் பிறந்த மெஷின். அதற்கு எதிர்முனையில் சி.என்.சி. மெஷினிங் சென்டர். ஒரு ஸ்பிண்டில், பக்கத்தில் டூல் அடுக்கு, என்ன வெட்ட வேண்டும் என்பது புரோகிராமில். எதை வேண்டுமானாலும் வெட்டும், ஆனால் ஒவ்வொரு துளையாகப் போடும். அதே எண்ணிக்கை வேண்டுமென்றால் இப்படிப்பட்டவற்றை டஜன் கணக்கில் வாங்கிப் போட வேண்டும். விலை ஏறும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கலாம் என்று அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யோராம் கோரென் என்ற பேராசிரியர் 1996ல் ஒரு ஆராய்ச்சி மையமே தொடங்கினார். தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் மாற்றிக்கொள்ளும் லைன். தண்டவாளத்தில் பெட்டி சேர்ப்பது மாதிரி மெஷினைச் சேர்க்கலாம், எடுக்கலாம், ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு மாறலாம். அவர் அதைத் தொடங்கியதற்குக் காரணம் இ.வி. இல்லை. கார் கம்பெனிகள் எத்தனை விற்கும் என்று கணிப்பதில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்ததுதான் பிரச்சினை. ஒரு லைன் சும்மா கிடக்கும், இன்னொன்று மூச்சுத் திணறும்.

சரி, என்ஜினிலிருந்து மோட்டாருக்கு. அலுமினிய என்ஜின் பிளாக் வெட்டுகிற சி.என்.சி. மெஷின், மோட்டாரின் அலுமினிய உறையையும் வெட்டும். பாகத்தை இறுக்கிப் பிடிக்கிற ஃபிக்ஸ்சரை மாற்ற வேண்டும், டூல் மாற்ற வேண்டும், புரோகிராம் எழுத வேண்டும். மெஷின் அதேதான். கியர் வெட்டுகிற மெஷின்களுக்கும் வேலை உண்டு, இ.வி.யிலும் ரிடக்ஷன் கியர் இருக்கிறதே. என்ன, என்ஜின் சத்தம் மறைக்காததால் கியர் இன்னும் நைசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊளைச் சத்தம் கேட்கும். அதற்காக கிரைண்டிங்கில் கூடுதல் செலவு. ஆனால் கிராங்க்ஷாஃப்ட் கிரைண்டர், சிலிண்டர் ஹோனிங் மெஷின், கேம்ஷாஃப்ட் லைன் இவற்றுக்கு இ.வி.யில் வேலையே இல்லை. காயில் சுற்றுவது, ரோட்டர் தகடு அடுக்குவது எல்லாம் முழுக்கப் புதுசு, என்ஜின் ஆலையில் அதற்கு எதுவும் கிடையாது. ஆக "முடியாது" என்பது தப்பு, "முடியும்" என்பதும் முழுசா சரியில்லை. கணிசமான ஒரு பகுதி மாறும், அந்தப் பகுதி எவ்வளவு பெரியது என்பதை வாங்கும்போது எடுக்கும் முடிவு சொல்லும்.

மெஷின் கண்டம் தாண்டி மறுபிறவி எடுப்பது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. இங்கே பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரெட்டிட்ச் என்று ஒரு ஊர். ராயல் என்ஃபீல்டு பிறந்த இடம். 1955ல் அவர்கள் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தார்கள். 1957ல் டூலிங்கையே விற்றார்கள், திருவொற்றியூரில் பாகங்களைச் செய்துகொள்ள. 1962 வாக்கில் புல்லட்டின் எல்லா பாகமும் இந்தியாவிலேயே. ரெட்டிட்ச் ஆலை 1967ல் மூடியது, இங்கிலாந்தில் மிச்சம் இருந்த உற்பத்தியும் 1970ல் நின்றது. 1977ல் மெட்ராஸிலிருந்து புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது! இதை அப்பா தலைமுறை பெருமையாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது பெருமை பகுதி இல்லை. டூலிங் விற்றதற்கும் முழு பாகமும் உள்ளூரில் செய்ததற்கும் நடுவில் ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷமும் ரெட்டிட்ச் உயிரோடு இருந்தது. கேள்வி கேட்க ஆள் இருந்தார்கள்.

இன்னொரு கதையைப் பெருமையாக யாரும் சொல்வதில்லை. 1980களின் நடுவில் பிரிட்டனில் காலம் முடிந்துகொண்டிருந்த ரோவர் எஸ்.டி.1 காரின் டூலிங் பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸுக்கு வந்தது. ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் 1985ல் கார் வந்தது. உடம்பு ரோவர், உள்ளே ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து பழைய நாலு சிலிண்டர் என்ஜின். விலை அதிகம், பெட்ரோல் குடி அதிகம். மூன்று வருஷத்துக்குள் கதை முடிந்தது. விற்காமல் கிடந்த உதிரிபாகங்களைப் பின்னால் பிரிட்டிஷ் வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கி, பழைய ரோவர் வைத்திருப்பவர்களுக்காக இங்கே திரும்பக் கொண்டுவந்தார். ஆலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. பார்க். அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் தெற்கே போனால் மறைமலை நகர் ஃபோர்டு.

அதனால் பழைய மெஷினை எடுத்து ஓட்டினாலே அது நிலைத்த வளர்ச்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அச்சு கிடைத்தது என்பதற்காக யாரும் கேட்காத காரைச் செய்வது மறுபயன்பாடு இல்லை. மின்சாரக் கணக்கும் அப்படித்தான். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வார்ப்பிரும்பு உடம்பை உருக்காமல் காப்பாற்றுவது நல்லது. ஆனால் ஒரு மெஷின் தன் வாழ்நாளில் தின்னும் ஆற்றலில் பெரும்பங்கு ஓடும்போதுதான், அதிலும் கூலன்ட் பம்ப், ஹைட்ராலிக், காற்று அழுத்தம் என்று வெட்டாமல் சும்மா நிற்கும்போதே நிறைய. உடம்பை வைத்துக்கொண்டு பம்ப், டிரைவ், கன்ட்ரோலரை மாற்றினால்தான் கணக்கு உதைக்காது. கோயம்புத்தூர் பட்டறைகளில் இதை ரெட்ரோஃபிட் என்று சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள், எந்த அறிக்கையும் வெளியிடாமல்.

இப்போ என் துறைக்கு வருகிறேன். ஐ.டி. ஆளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், மெஷின் மறுபடி ஓடாமல் போவதற்கு நான் நேரில் பார்த்த காரணம் எதுவும் இரும்பில் இல்லை.

சில வருஷம் முன்னால் மிட்லண்ட்ஸில் ஒரு உதிரிபாக கம்பெனியில் மூணு மாச கான்ட்ராக்ட். பெயர் வேண்டாம். மூடிய ஆலை ஒன்றின் மெஷினிங் சென்டர்களை ஏலத்தில் மலிவாக எடுத்திருந்தார்கள். என் வேலை அவற்றை நெட்வொர்க்கில் இணைத்து, எது ஓடுகிறது, எது நிற்கிறது என்ற டேட்டாவை எடுப்பது. போய்ப் பார்த்தால் எதுவுமே ஓடவில்லை. மெஷின்கள் ஒரு வருஷத்துக்கு மேல் கிடங்கில் கிடந்திருக்கின்றன. கன்ட்ரோலரில் பாராமீட்டர்களை உயிரோடு வைத்திருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது. கையடக்கமான பேட்டரி! அது போனதும் அச்சுகளின் தொடக்கப் புள்ளி, டூல் மாற்றும் இடம், அளவுத் திருத்தங்கள் எல்லாம் போச்சு. மேற்பார்வை மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்.பி.யில், அதன் லைசன்ஸ் ஒரு யு.எஸ்.பி. டாங்கிளில், டாங்கிள் ஏலத்தில் வரவே இல்லை. பி.எல்.சி.யின் மூல புரோகிராம் யாரிடமும் இல்லை. செய்த கம்பெனியிடம் கேட்டால், நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை என்று மெயில் வந்தது.

ஒரே ஒரு மெஷின் முதல் வாரத்திலேயே எழுந்தது. காரணம், எலக்ட்ரிக்கல் கேபினெட் கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் யாரோ பாராமீட்டர் பட்டியலை பிரின்ட் எடுத்து மடித்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் பேனாவில் திருத்தங்கள் வேறு. முகம் தெரியாத அந்த மெயின்டனன்ஸ் ஆளுக்கு நான் இன்னமும் கடன்பட்டிருக்கிறேன். மற்றவற்றில் மூன்றை எழுப்ப இரண்டு மாசம் ஆனது. மீதி இரண்டு பழைய இரும்பு விலைக்குப் போயின. இரண்டின் ஸ்பிண்டிலும் பழுதில்லாமல்தான் இருந்தது.

நம்மில் நிறைய பேர் கோட் எழுதுகிறவர்கள். ரெப்போ இல்லாமல், டாக்குமென்ட் இல்லாமல், பைனரி மட்டும் கொடுத்து "இதை மைக்ரேட் பண்ணு" என்றால் என்ன சொல்வோம்? ஆலைகளில் அதைத்தான் பல கோடி மதிப்புள்ள இரும்போடு சேர்த்துச் செய்கிறார்கள்.

இன்னொன்று. ஜப்பானிய கம்பெனிகள் பல தங்கள் உயர்ரக மெஷின்களில் இடமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவி வைக்கின்றன. மெஷினை இடம் மாற்றினால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும், கம்பெனி வந்து திறந்துவிட வேண்டும். இதற்கு நியாயமான காரணம் உண்டு. 5 அச்சு மெஷினில் ஏவுகணை பாகமும் செய்யலாம், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைக் கேட்கிறது. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் நேர்மையாக ஏலத்தில் வாங்கிய சின்ன பட்டறைக்காரருக்கு, திறந்துவிடும் கட்டணமும் காத்திருப்பும் எவ்வளவு என்று வாங்கும் முன்பே தெரிய வேண்டாமா?

ஐரோப்பிய யூனியனில் டேட்டா சட்டம் 2025 செப்டம்பர் 12லிருந்து அமலில் இருக்கிறது. இணைக்கப்பட்ட சாதனம் உருவாக்கும் டேட்டாவை அதைப் பயன்படுத்துபவர் கேட்டு வாங்கலாம், தொழிற்சாலை மெஷினும் அதில் அடக்கம். நல்ல ஆரம்பம். ஆனால் மெஷின் உருவாக்கும் டேட்டா வேறு, மெஷினை ஓட்டும் புரோகிராம் வேறு. டாங்கிள் பிரச்சினையை அது தீர்க்காது. நாம் இருக்கும் பிரிட்டனுக்கு அந்தச் சட்டம் பொருந்தவும் பொருந்தாது.

அதனால் நான் சொல்வது இது. பொதுப் பணமோ சலுகையோ வாங்கிக்கொண்டு ஒரு லைன் போடப்படுகிறது என்றால், அது மறைமலை நகரோ இங்கிலாந்தோ, லைன் ஓட ஆரம்பிக்கும் நாளிலேயே ஒரு முழு நகல் மூன்றாவது ஆளிடம் போய்ச் சேர வேண்டும்: பாராமீட்டர், பி.எல்.சி. மூலம், ஃபிக்ஸ்சர் வரைபடம், லைசன்ஸை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் உரிமை. மென்பொருள் உலகில் எஸ்க்ரோ என்று பழைய வழக்கம் இருக்கிறது, விற்றவர் காணாமல் போனால் மூல கோட் வாங்கியவருக்குக் கிடைக்கும். ஆலைக்கும் அதையே கேளுங்க. கம்பெனியின் ரகசியம் கம்பெனியிடமே இருக்கட்டும். அவர்கள் மூடிவிட்டுப் போனால் மட்டும் பெட்டி திறக்கட்டும்.

செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். ஒரே பாகத்தை பதினைந்து வருஷம் நிற்காமல் செய்யப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தால், மாறக்கூடிய லைனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். ஆனால் யாருக்கு அந்த உறுதி இருக்கிறது? அமெரிக்காவில் பஃபலோ பக்கம் டோனவாண்டாவில் ஜி.எம். என்ஜின் ஆலை. 30 கோடி டாலர் போட்டு இ.வி. டிரைவ் யூனிட் செய்யப்போவதாகச் சொன்னார்கள். 2025 மே மாதம் அந்தத் திட்டத்தை விட்டுவிட்டு 88.8 கோடி டாலரை புது வி-8 என்ஜினுக்குப் போட்டார்கள். எதிர்காலம் இ.வி.தான் என்று அடித்துப் பேசும் என்னை மாதிரி ஆட்களுக்கு இது சங்கடமான செய்தி. காற்று எந்தப் பக்கமும் திரும்பும் என்றால், ஒரே பக்கம் பார்க்கும் லைனைப் போடுவதுதான் பெரிய சூதாட்டம். 2029ல் மறைமலை நகரில் ஓட ஆரம்பிக்கும் லைனின் நடு ஆயுள் 2030களின் பின்பாதி. பிரிட்டனில் 2030க்குப் பிறகு பெட்ரோல் மட்டும், டீசல் மட்டும் என்று ஓடும் புதுக் காரை விற்க முடியாது என்று இப்போதைய திட்டம். அதுவும் மாறலாம். இரண்டு பக்கமும் தாங்குகிற மாதிரி போடுங்க என்பதுதான் என் கேள்வி.

லிவர்பூல் பக்கம் ஹேல்வுட்டில் அதே ஃபோர்டு என்ன செய்தது என்று பாருங்க. கியர்பாக்ஸ் செய்த ஆலை. இ.வி.க்கான பவர் யூனிட் செய்ய மாற்றுகிறார்கள். 2021ல் 23 கோடி பவுண்டு என்றார்கள், அடுத்த வருஷம் மொத்தம் சுமார் 38 கோடி ஆக்கினார்கள், வருஷத்துக்கு 4,20,000 யூனிட் இலக்கு. அரசு உதவியும் உண்டு. மாறியதில் மெஷின் எவ்வளவு, புதுசு எவ்வளவு என்பதை விட, கியரை மைக்ரான் கணக்கில் அளந்து பழகிய ஆட்கள் அதே கேட்டுக்குள் போகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வேல்ஸில் பிரிட்ஜெண்டில் அது நடக்கவில்லை. 2020 செப்டம்பரில் என்ஜின் ஆலை மூடியது, சுமார் 1,700 பேர் வெளியே. அந்தப் பேனா திருத்தம் போட்ட மாதிரி ஆட்கள் அவர்களில் எத்தனை பேரோ.

ஹவுன்ஸ்லோவில் இருப்பவர்கள் கிரேட் வெஸ்ட் ரோட்டில் பிரென்ட்ஃபோர்டு பக்கம் போகும்போது ஃபயர்ஸ்டோன் டயர் ஆலையின் வாசலைப் பார்த்திருப்பீங்க. 1928ல் திறந்தது. 1980 ஆகஸ்டில் பேங்க் ஹாலிடே வாரக்கடைசியில், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கும் முன்பே, முகப்பை இடித்துவிட்டார்கள். கேட்டும் வேலியும் மட்டும் பத்திரமாக நிற்கின்றன. எனக்கு பஸ் அந்த சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்த இரண்டு ஸ்பிண்டில் ஞாபகம் வரும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்க கேள்வியில் "பிறகு மாத்திக்க முடியாதா" என்று இருந்தது. அந்த "பிறகு"வில்தான் நான் ஏமாந்தேன். மாற்ற முடியுமா என்பதை இப்போதே கேட்க வேண்டும், லைனுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால். அதைக் கேட்கக்கூடிய இடத்தில் தமிழ்நாடு அரசு இருக்கிறது. ஒப்பந்தம் போட்டாச்சு, மெஷின் ஓட இன்னும் வருஷங்கள் இருக்கு.

அடுத்த எபிசோடில் இதைத் தொடரலாம் என்று நினைக்கிறேன். உங்க வீட்டில் அப்பா, மாமா, பக்கத்து வீட்டு அங்கிள் யாராவது ஆலை மூடும்போது லைனைக் கழற்றி பேக் பண்ணின வேலையில் இருந்திருந்தால் எழுதுங்க. எந்த ஆலை என்று சொல்ல வேண்டாம். பெட்டிக்குள் என்ன போட்டார்கள், எதை விட்டுவிட்டார்கள், அது போதும்.